யசோதினியின் நாலாவது கோடு

வரதராசா அண்ணையும் நானும் பாரிஸ் நகரின் லா சப்பலில் ஒரே சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறோம். றோல்ஸும் பற்றீஸும் அவர் பொறுப்பு. கொத்துரொட்டி என்னுடையது. கடைக்கு வருகிற யாராவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், அவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மூத்தவள் பிளேன் ஓடுறாள்" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் "ஓம், உண்மைதான்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அவருடைய மகள் யசோதினி பிறந்து வளர்ந்தது இங்கேதான். பாடசாலையில் கணிதம் படிப்பித்த பிரெஞ்சு ஆசிரியை ஒருவர்தான், துலூசில் உள்ள அரசாங்க விமானப் பள்ளியைப் பற்றி அவளுக்குச் சொன்னவர். போட்டிப் பரீட்சையில் தேறினால் படிப்பு இலவசம். ஆயிரக்கணக்கானோர் எழுத, விரல்விட்டு எண்ணக்கூடியவர்களைத்தான் எடுப்பார்கள். யசோதினி தேறினாள். அந்த ஆசிரியைக்கு வரதராசா அண்ணை இன்றைக்கும் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

ஆனால் அவள் படித்து முடித்த ஆண்டு நல்ல ஆண்டாக அமையவில்லை. உலகமெங்கும் பொருளாதாரம் விழுந்திருந்தது. நெடுந்தூரம் பறக்கும் பெரிய கம்பெனி புது விமானிகளை எடுப்பதை நிறுத்திவிட்டது. அதனால் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமான சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். றுவாசி விமான நிலையத்திலிருந்து நாந், போ, லியோன் என்று உள்நாட்டு ஊர்களுக்குச் சின்ன ஜெட் விமானங்களை ஓட்டுகிற கம்பெனி அது. விமானத்தின் நிறம் ஒன்று, டிக்கெட்டில் இருக்கும் பெயர் ஒன்று, விமானிகளின் உடுப்பும் ஒன்று. பயணிகளுக்கு வித்தியாசமே தெரியாது. சம்பளத்தில் மட்டும் தெரியும். சின்னக் கம்பெனியின் கப்டனைவிடப் பெரிய கம்பெனியின் துணை விமானி கூடுதலாக எடுத்தார். சில ஆண்டுகளில் யசோதினியும் கப்டன் ஆனாள். அவளுடைய தோள்பட்டையில் நாலாவது தங்கக் கோடு ஏறியது. பெரிய கம்பெனிக்குப் போக விரும்பினால், அதுவரை வேலை செய்த ஆண்டுகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சேவை மூப்புப் பட்டியலின் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும் என்பது விதி.

போன வருடம் பெரிய கம்பெனி நட்டத்தைச் சொல்லிச் சிக்கனத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அவர்களுடைய விமானிகளுக்குச் சம்பள உயர்வு இல்லை. சின்னக் கம்பெனி விமானிகளுக்கோ இருக்கிற சம்பளத்திலேயே ஏழில் ஒரு பங்கு வெட்டு. அன்றிலிருந்து இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் முறைக்கத் தொடங்கினார்கள். சின்னக் கம்பெனியார் குறைந்த சம்பளத்துக்குப் பறப்பதால்தான் தங்கள் வேலைக்கே ஆபத்து என்று பெரிய கம்பெனி விமானிகள் நினைத்தார்கள். பெரிய கம்பெனியார் கதவைப் பூட்டி வைத்திருப்பதால்தான் தங்களுக்கு இந்த நிலை என்று சின்னக் கம்பெனி விமானிகள் நினைத்தார்கள்.

ஒருநாள் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது, பெரிய கம்பெனியின் வயதான கப்டன் ஒருவர் யசோதினியிடம், "நீங்கள் மலிவாகப் பறக்கச் சம்மதிக்கிறீர்கள், அதற்கு விலை கொடுப்பது நாங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அவள் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். சீருடையோடு குசினி வாசலில் நின்றுகொண்டு எங்களிடம் பொரிந்து தள்ளினாள்.

"நான் அவையளின்ரை சாப்பாட்டைப் பறிக்கிறனாம், மாமா. அதே பரீட்சை, அதே பள்ளிக்கூடம். நான் பிழையான வருசத்திலை படிச்சு முடிச்சது என்ரை குற்றமே?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

அடுத்த மாதம் சின்னக் கம்பெனி விமானிகள் கிறேவ் அறிவித்தார்கள். வேலைநிறுத்தத்தை நாங்கள் இங்கே அப்படித்தான் சொல்வோம். பெரிய கம்பெனி சும்மா இருக்கவில்லை. லீவில் நிற்கும் தன் விமானிகளைக் கூப்பிட்டு, கூடுதல் பணம் கொடுத்து, அந்த வழித்தடங்களில் பறக்க விடப்போவதாகச் செய்தி பரவியது. அப்படி நடந்தால் கிறேவ் இரண்டு நாளில் செத்துவிடும்.

முதல் நாள் காலை வரதராசா அண்ணை முதலாளியிடம் கேட்டு இரண்டு பெரிய பெட்டி நிறைய றோல்ஸும் வடையும் கட்டினார். அவருக்கு வாகனம் ஓடத் தெரியாது. கடையின் வான் வண்டியில் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். றுவாசியில் விமானிகள் வேலைக்கு வந்து போகும் கட்டடத்தின் முன்னால், யசோதினியும் அவளோடு சேர்ந்தவர்களும் பதாகை பிடித்தபடி குளிரில் நின்றார்கள். பக்கத்து வாசலால் பெரிய கம்பெனி விமானிகள் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அண்ணை பெட்டியைத் திறந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார். பதாகை பிடித்தவர்களுக்கு மட்டுமல்ல, உள்ளே போகிறவர்களையும் மறித்து மறித்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் "சூடு, சூடு, எடுங்கோ" என்றார். மறுக்கத் தெரியாமல் வாங்கியவர்கள் கையில் றோல்ஸோடு அப்படியே நின்றுவிட்டார்கள். யசோதினி ஓடிவந்தாள்.

"அப்பா! அவையளுக்கு ஏன் குடுக்கிறியள்? அவை மற்றக் கம்பெனி!"

"எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை? எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. நான் எல்லாரும் உங்கட ஆக்கள் எண்டு நினைச்சன்."

அவளுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. அப்போதுதான், றோல்ஸ் வாங்கியவர்களில் ஓர் இளம்பெண் தமிழில் பேசினாள். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நான் மத்தக் கம்பெனிதான். இத நீங்களே வச்சுக்கிடுங்க."

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அவள் தோளில் மூன்று கோடுகள் இருந்தன. பெரிய கம்பெனியின் துணை விமானி.

"பிள்ளை தமிழோ? எந்த இடம்?" என்று அண்ணை கேட்டார்.

"பாண்டிச்சேரி. எங்கப்பா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தாரு. பேரு வனேசா." அவள் றோல்ஸை நீட்டியபடியே நின்றாள்.

யசோதினி அவள் நீட்டிய றோல்ஸைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சாப்பிடுங்கோ. எடுத்ததைத் திருப்பித் தாறதே?"

வனேசா அங்கேயே நின்று சாப்பிட்டாள். அவள் நின்றதால், வாங்கியிருந்த மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். இரண்டு கம்பெனி ஆட்களும் அன்றுதான் ஒரே இடத்தில் நின்று கதைத்தார்கள் என்று யசோதினி பிறகு சொன்னாள். கதைத்தபோது வனேசாவும் துலூஸ் பள்ளியில் படித்தவள் என்று தெரிந்தது. யசோதினிக்குப் பல ஆண்டுகள் இளையவள். அவள் படித்து முடித்தபோது பெரிய கம்பெனி மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியிருந்ததால் நேராக அங்கே சேர்ந்துவிட்டாள்.

"சின்னக் கம்பெனிக்குப் போறவங்க பெரிய கம்பெனிப் பரீட்சையில பெயில் ஆனவங்கன்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க" என்றாள் வனேசா.

"எங்களுக்குப் பரீட்சையே வைக்கேல்லை. கதவைப் பூட்டியிருந்தவை."

வனேசா கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தாள். பிறகு, வார இறுதியில் போ என்ற ஊருக்கு ஒரு விமானம் ஓட்டத் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். அது வழக்கமாக யாருடைய பயணம் என்று அவள் கேட்டிருக்கவில்லை. யசோதினி சொன்னாள்: "அது என்ரை."

லீவு நாளில் கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்லும் உரிமை விமானிக்கு உண்டு. வனேசா அன்று மாலையே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதோடு நிற்காமல், தன்னோடு வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில், தான் மறுத்ததற்கான காரணத்தையும் எழுதினாள். சிலர் அவளைத் திட்டினார்கள். ஒருவர் துரோகி என்றே எழுதினார். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக மறுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய தொழிற்சங்கமும், வேறு வழியில்லாமல், லீவு நாளில் யாரும் பறக்க வேண்டாம் என்று அறிவித்தது. விமானங்கள் தரையில் நின்றன. நிர்வாகம் பேச்சுக்கு வந்தது.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. சம்பள வெட்டு பாதிக்கும் குறைவாக இறங்கியது, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்றானது. பெரிய கம்பெனிக்கு மாறுகிறவர்களுக்குப் பழைய சேவையில் பாதியைக் கணக்கில் எடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். பூட்டியிருந்த கதவு அரைவாசி திறந்தது.

யசோதினி மாற விண்ணப்பித்தாள், எடுக்கவும் பட்டாள். ஆனால் அங்கே அவள் துணை விமானிதான். தோளில் ஒரு கோடு போய்விடும். வரதராசா அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. "சம்பளம் கூடுதாம், கோடு குறையுதாம். இதென்ன உயர்வு?" என்று ஒரு கிழமையாகக் குசினியில் புறுபுறுத்தார். சின்னக் கம்பெனியில் அவளுடைய கடைசிப் பறப்பு நாளன்று தரையிறங்கியதும், அவளிடம் வேலை பழகிய துணை விமானிகள் எல்லோரும் படியடியில் வரிசையாக நின்று கைதட்டினார்களாம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் அடங்கினார்.

வனேசாவுக்கு இதில் நட்டம் இருந்தது. இரண்டொரு கப்டன்கள் இன்றைக்கும் அவளோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருந்தும் அவள் லா சப்பலுக்கு வந்துபோகிறாள். புது விமானத்தைப் பற்றி யசோதினி படிக்க வேண்டிய பாடங்கள் நிறைய. இரண்டு பேரும் யசோதினி வீட்டு மேசையடியில் இருந்து படிப்பார்கள். இந்திராதேவி அக்கா, யசோதினியின் அம்மா, வனேசாவுக்குப் பிட்டு அவிப்பார்.

போன ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். எங்கள் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. மெர்சி என்ற பிரெஞ்சு நன்றியோ பேக்கரியிலும் பஸ்ஸிலும் சொல்கிற சொல். யசோதினி புத்தகத்தை மூடிவிட்டு வனேசாவைப் பார்த்தாள்.

"நீர் செய்தது எங்களுக்குப் பெரிய உதவி. நான் அதை மறக்கமாட்டன்."

வனேசாவின் கண் கலங்கியது. அதை மறைக்கிறவள் போலச் சிரித்தாள். "நீரா? என்னக்கா, நாடகத்துல ராஜா பேசுற மாதிரி பேசுறீங்க?"

"எங்கடை ஊரிலை அது அன்பாய் மரியாதையோடை சொல்லுறது, பிள்ளை" என்றார் இந்திராதேவி அக்கா, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பிட்டை வைத்தபடி.