பின்வரிசைக்காரன் வராத ஞாயிற்றுக்கிழமை

ஹம்பேர்க் பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அரிசி மூட்டைகளுக்கும் மீன் பெட்டிக்கும் நடுவே நாலைந்து கதிரைகளைப் போட்டுக்கொண்டு உதைபந்தாட்டம் கதைப்போம். முதலில் இந்த ஊர்ப் பெரிய கழகத்தின் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுத் தொடங்கும். பத்து நிமிடத்தில் அது எங்கள் தமிழ் அணிக்கு, எங்கள் ரீமுக்கு, வந்துவிடும். ரீமுக்கு வந்தால் அவனிடம் வந்துவிடும்.

அவன் எங்கள் பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவன், எங்கள் பேச்சில் பாக். மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கன். அப்போது இருபத்தொன்பது வயது. மைதானத்துக்குள் இறங்குமுன் குனிந்து புல்லைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான். அவனைத் தாண்டிக் கோல் போடுவது கடினம் என்று ஜெர்மனியில் தமிழ் ரீம்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். எங்கள் ஆட்களுக்கு மட்டும் அதில் சந்தேகம்.

"பாக் எண்டால் அடிச்சு விளையாட வேணும்" என்பார் டாக்சி ஓட்டும் அண்ணை. யாழ்ப்பாணத்தில் கல்லூரி ரீமுக்கு விளையாடியவர். அந்த நாளில் எத்தனை பேரின் காலை உடைத்தார் என்று அவரே சொல்லுவார். "இவன்ர காற்சட்டையில ஒருநாளாவது சேறு பிரண்டு பாத்தனியளோ? விழுந்து எடுக்க மாட்டான். ஆளோட மோத மாட்டான். பயந்தவன்."

"பந்து அவனிட்டத்தானே அண்ணை வருது? பிறகேன் விழ வேணும்?" என்பேன் நான்.

"இடதுகாலும் சரியில்லை" என்று கடைக்காரர் கல்லாவிலிருந்து சேர்த்துவிடுவார்.

அந்த நாளில் எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. விளையாடும் காலம் முடிந்துபோய், ரீமுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். மைதானம் கேட்டுக் கடிதம் எழுதுவது, உடுப்புத் தோய்ப்பது, ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் என் தலையில்தான். அதனால் அவனைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை எதிர் ரீம்காரன் அவன் முகத்தில் துப்பினான். இவன் துடைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றான். ஆட்டம் முடிந்ததும் நான் ஏசினேன்.

"அண்ணை, சண்டை வந்தா பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா எல்லாரும் வீட்டை போவினம். எனக்குப் போகேலாது" என்றான்.

அவனிடம் இருந்தது டுல்டுங். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற தாள் அது. உன்னை நாடுகடத்துவதைத் தற்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டி நீட்டி ஒன்பது வருடம் போயிருந்தது. ஹம்பேர்க்கிலிருந்து ஒரு மணித்தியால ரயில் தூரத்தில், வேறு மாநிலத்தில் இருந்த ஒரு சின்ன ஊர் அகதி விடுதியில் இருந்தான். அந்த மாநில எல்லையைத் தாண்டுவதென்றால் கந்தோரில், அதாவது வெளிநாட்டவர் அலுவலகத்தில், எழுத்து அனுமதி வாங்க வேண்டும். பந்து விளையாடப் போகிறேன் என்று ஒருதரம் கேட்டிருக்கிறான். அது ஒரு காரணம் இல்லை என்றார்களாம். அதற்குப் பிறகு கேட்காமலே வந்தான். இரண்டு தடவை ரயிலில் பிடிபட்டான். இன்னொரு தடவை பிடிபட்டால் விசயம் நீதிமன்றம் போகும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துச் சொன்னவன் நான்.

உலகக் கிண்ணம் இந்த நாட்டில் நடந்ததற்கு அடுத்த கோடை. மேற்கே, நாலு மணித்தியாலக் கார்த் தூரத்தில், தமிழ் ரீம்களுக்கான சுற்றுப்போட்டி. நாங்கள் முதல்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்தோம். அது ஞாயிற்றுக்கிழமை. விளையாடுகிறவர்கள் வான் வண்டியில் போவது, நான் என் காரில் அவனுடைய ஊருக்குப் போய் அவனை ஏற்றிக்கொண்டு வருவது என்று ஏற்பாடு.

சனிக்கிழமை கடையில் டாக்சி அண்ணை சொன்னார்: "என்ர கார் திருத்த விட்டிருக்கு. நானும் கடைக்காரரும் உன்னோட வாறம்." கடைக்காரர் தன் மச்சானையும் சேர்த்தார். அதோடு இரண்டு மேளம், கொடி, பெரிய சட்டியில் புட்டும் இறைச்சியும்.

"அவனை ஏத்த வேணுமே" என்றேன்.

"அவனென்ன மாப்பிள்ளையோ? ரயில் ஓடுதுதானே."

டாக்சி அண்ணைக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் நான். ஜெர்மனிக்கு வந்த புதிதில் தன் அறையில் எட்டு மாதம் என்னைப் படுக்கவிட்டவர். கடைக்கு வெளியே வந்து அவனுக்கு அழைத்தேன்.

"அண்ணை, ரயில் எனக்குச் சரிவராது. உங்களுக்குத் தெரியும்தானே."

"ஞாயிறு விடியக் காலமை எவனடா செக் பண்ணப் போறான்? ஆட்டம் நடக்கிற ஊர் ஸ்டேசனுக்கு வந்து நான் உன்னை ஏத்துறன்."

எத்தனை மணி ரயில் என்று கேட்டான். பிறகு, "சரி, வாறன்" என்றான்.

மறுநாள் காரில் நாலு மணித்தியாலமும் அவனைப் பற்றித்தான் கதை. அவன் இருந்திருக்க வேண்டிய முன் இருக்கையில் டாக்சி அண்ணை இருந்தார். அவன் நல்ல பாக் இல்லை, எதிரில் நல்ல ஆள் வராததால் தப்பித்துக்கொண்டிருக்கிறான், இன்றைக்குத் தெரியும் என்றார். கடைக்காரரின் மச்சான் அவனை ஒருநாளும் பார்த்ததில்லை. அவரும் ஓம் ஓம் என்றார்.

அந்த ஊர் ஸ்டேசனில் போய் நின்றேன். சொன்ன ரயிலில் அவன் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. தொலைபேசி அணைத்திருந்தது. ஆட்டத்துக்கு நேரமாகிவிட, மைதானத்துக்குத் திரும்பினேன். நடுவில் நிற்க ஒரு வலதுபக்கக்காரனை இழுத்துவிட்டோம். இடைவேளைக்கு முன்னரே இரண்டு கோல் வாங்கினோம். முடிவில் மூன்றுக்குப் பூச்சியம். கொண்டுபோன மேளத்தில் ஒன்றை ஒருவரும் உறையிலிருந்து எடுக்கவேயில்லை.

வென்றவர்களுக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, பிடிச்சிட்டாங்கள்" என்றான். ரயில் மாறுகிற ஸ்டேசனில் இரண்டு பொலிஸ்காரர் வந்து தாளைக் கேட்டிருக்கிறார்கள். அந்த மேடையில் நின்ற அத்தனை பேரிலும் அவனிடம் மட்டும்தான் கேட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்து, சப்பாத்தையும் காலுறையையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, நாலு மணித்தியாலம் வைத்திருந்துவிட்டுத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன முடிவு?" என்று கேட்டான். சொன்னேன்.

"அண்ணை, அவையளிட்டச் சொல்லிவிடுங்கோ. பயந்து வரேல்லை எண்டு நினைக்கப் போகினம். வெளிக்கிட்டனான் எண்டு சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்."

திரும்பினேன். டாக்சி அண்ணை கையில் புட்டுத் தட்டோடு நின்றார்.

"ஆர்?"

"வீட்டில இருந்து" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? குடியுரிமைக்கான என் அன்ட்ராக், என் விண்ணப்பம், அந்த நேரம் கந்தோரில் கிடந்தது. அனுமதி இல்லாத ஒருவனைத் தெரிந்தே மாநிலம் விட்டு மாநிலம் வரச்சொன்னேன் என்பது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய், கடைசியில் யாரோ ஒரு அதிகாரியின் காதில் விழும் என்று பயந்தேன். ரயிலில் வரச் சொன்னது நான் என்பதும், அவனுடைய இருக்கை டாக்சி அண்ணை ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் கூடவே வெளியே வரும். அன்றைக்கு இவ்வளவையும் யோசிக்கவில்லை. வாய் தானாகப் பொய் சொன்னது. காரணங்களைப் பிறகு தேடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமைகளில் கடையில் அவனுடைய பெறுமதி ஒரேயடியாகத் தீர்மானிக்கப்பட்டது. எதிர் ரீமின் முன்வரிசைக்காரனுக்குப் பயந்து ஒளித்துவிட்டான் என்றார்கள். மூன்றாம் கிழமை, அந்த ரீமுக்கே அடுத்த வருடம் விளையாடப் போகிறானாம் என்று கடைக்காரர் எங்கிருந்தோ கொண்டுவந்தார்.

"நான் முதலே சொன்னனான்" என்றார் டாக்சி அண்ணை. "தேவைப்பட்ட அண்டைக்கு நிக்காதவன் பாக்கோ? நீ சொல்லு."

நான் தலையாட்டினேன்.

இலையுதிர் காலத்தில் அவன் என்னைத் தேடி வந்தான், இம்முறை கையில் எல்லை தாண்டும் அனுமதித் தாளோடு. எட்டு வருடத்துக்கு மேல் டுல்டுங்கில் இருந்தவர்களுக்கு வதிவிட அனுமதி தரலாம் என்று அந்த வருடம் சட்டம் வந்திருந்தது. குற்றப் பதிவு இருக்கக்கூடாது. அவனுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்காகியிருந்தது. அவனாக ஊர் சுற்றவில்லை, கழகம் கூப்பிட்டுத்தான் வந்தான், தவறு எங்களுடையதும்தான் என்று பொறுப்பாளர் ஒரு கடிதம் தந்தால் வாதாடிப் பார்க்கலாம் என்று அவனுடைய சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

"எழுதித் தாறன்" என்றேன். இரண்டு கிழமை இழுத்தடித்தேன். பிறகு எழுதினேன். ஒழுக்கமான வீரர், ஒருபோதும் நடுவரோடு வாக்குவாதப்படாதவர், கழகத்துக்கு மிகவும் முக்கியமானவர் என்று அழகான ஜெர்மனில் ஒரு பக்கம். நாங்கள் கூப்பிட்டோம் என்ற வசனம் மட்டும் அதில் இல்லை. தபாலில் அனுப்பினேன். நேரே கொடுக்கத் தைரியம் இல்லை. சட்டத்தரணி வாசித்துவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாது என்றாராம். அதைக்கூட அவன் கோபமாகச் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் அவனுடைய விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். பிடித்து விமானத்தில் ஏற்றுமுன் பிரான்சுக்குப் போய்விட்டான் என்று விடுதியில் இருந்த ஒருவன் சொன்னான். வசந்தத்தில் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. நகரசபையில் ஒரு பெண் அதிகாரி கை குலுக்கி, ஒரு பூவும் தந்தார்.

அந்தக் கிழமையே கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் பிடித்தது, நான் ரயிலில் வரச் சொன்னது, அந்தத் தொலைபேசி, அந்தக் கடிதம். இனி எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்றான பிறகுதான் சொன்னேன் என்பது அவர்களுக்கும் விளங்கியிருக்கும்.

கடைக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். வாசலில் வாடிக்கையாளர் வர எழும்பிப் போனார்.

டாக்சி அண்ணை தேநீரைக் குடித்து முடித்தார். "பாவம்தான்" என்றார். பிறகு, "எண்டாலும் அவன்ர இடதுகால் சரியில்லைத்தான்" என்றார். ரீமுக்குப் புதிதாக வந்த பாக் எப்படி என்று கேட்டார். அன்றைக்கு எழும்பி வந்த நான் அந்தக் கடைக்குத் திரும்பப் போகவில்லை. பிறகு சாமான் வாங்க வேறு கடைக்குப் போனேன்.

அவனுடைய இலக்கம் கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது. பாரிசுக்கு வெளியே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவதாகச் சொன்னான். முழங்கால் நோ, விளையாடுவதில்லை என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதாமல் விட்ட வசனத்தைப் பற்றியும் சொன்னேன்.

"அதை விடுங்கோ அண்ணை. நீங்கள் எழுதியிருந்தாலும் கந்தோரில தந்திருக்க மாட்டாங்கள்." பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. "ஆனா அவையளிட்டச் சொல்லச் சொன்னனான். அதுக்கு ஒரு தாளும் தேவையில்லைத்தானே. இவ்வளவு காலமும் என்னைப் பயந்தவன் எண்டெல்லோ கதைச்சிருப்பினம்."

சொல்லிவிட்டேன், இப்போது எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

"எப்ப சொன்னனியள்?"

சொன்னேன். எனக்குக் குடியுரிமை கிடைத்த வசந்தத்தில் என்று. அவன் மாதங்களைக் கணக்குப் பார்த்திருப்பான். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மரியாதையாக விடைபெற்றான். அதற்குப் பிறகு இரண்டு தரம் அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் தரம் நான் அழைக்கவில்லை.