அத்தை கேட்ட கடைசி அத்தியாயம்

விடலைப் பிள்ளைகள் படிக்கிற நாவல்களில் எந்த டிராகன் பறக்கலாம், எந்தக் கொடுங்கோலன் கவிழலாம் என்று உலகத்துக்கே முடிவு செய்து தருவது எங்கள் தையல்கார அத்தைதான். கண் துணியில் இருக்கும், காது கதையில் இருக்கும். மெஷினை மிதித்துக்கொண்டே தீர்ப்பு வரும்.

"நெருப்பு கக்குது, சரி. அதுக்கு யாருடா தண்ணி காட்டுறது?"

"நாட்டையே புரட்டிப் போடுறா, அந்தப் பொண்ணு சாப்பிட்டாளான்னு ஒருத்தன் கேக்கலையே!"

அப்போதெல்லாம் அவற்றை வாசித்துக் காட்டியது அத்தையின் மகள். ஒரு நாவலின் பாதியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தப் புத்தகத்தை யாரையும் தொடவிடாத அத்தை, நேற்று அதை என் மடியில் போட்டாள்.

"முடிவு என்னன்னு படிடா. அவ தெரிஞ்சுக்காமலே போயிட்டா."

கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி செத்துப்போகிறாள். நானோ, அவள் கோட்டையை உடைத்து வீட்டுக்கு ஓடிவந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள் என்று சத்தமாக அளந்துகொண்டிருந்தேன்.

மெஷின் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அத்தை, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "ஆனா இவ்வளவு நேரமா நீ பக்கமே திருப்பலையேடா."