அப்பா பிடித்த கயிறு

அமெரிக்காவில் நான் இருக்கும் கேட்டி ஊருக்கு அப்பாவை விமானம் ஏற்றும்போது அம்மா ஃபோனில் ஒன்றுதான் சொன்னாள். "ரெண்டு வருஷமாத் தொடல தம்பி. உன்ன நம்பித்தான் அனுப்புறேன்."

அவர் வருமுன்பே ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஆபீஸ் பார்ட்டிக்கு நானே காய்ச்சிய பீர் கொண்டுவருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பெருமைதான், வேறென்ன. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எதையும் படித்துப் பார்த்துச் செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கடையும் பாட்டிலும். கேரேஜில் பார்லி ஊறுவதைப் பார்த்து அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உடைத்த பார்லியை வலைப்பையில் கட்டி, பெரிய பானை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டிருந்தேன். பிறகு பையைத் தூக்கிச் சாற்றை வடியவிட வேண்டும். பத்து கிலோ பார்லி, தண்ணீர் குடித்தால் பதினைந்துக்கு மேல் கனக்கும். போன முறை கையால் தூக்கி முழங்கையைச் சுட்டுக்கொண்டேன். அதனால் இந்த முறை கேரேஜ் கூரைக் கட்டையில் ஒரு கப்பி, பையின் கழுத்தில் ஒரு கப்பி. பாதிக் கனம்தான் கைக்கு வரும். பள்ளிக்கூடத்தில் கப்பிக் கணக்குக்கு முழு மார்க் வாங்கியவன், கப்பியைக் கையால் தொட்டது இதுதான் முதல் தடவை.

பை பானைக்கு மேலே வந்ததும் கயிற்றைச் சுவர்க் கொக்கியில் கட்டினேன். முடிச்சு நழுவியது. பை சரசரவென்று இறங்கியபோது பின்னாலிருந்து இரண்டு கைகள் கயிற்றைப் பிடித்தன.

"பேனா பிடிச்ச கை முடிச்சா இது? தள்ளு."

லுங்கியோடு அப்பா. முப்பது வருஷம் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். தோள் வலிக்காகத்தான் முதலில் குடிக்க ஆரம்பித்தார் என்று அம்மா சொல்வாள்.

"இவ்ளோ தீவனம் ஊறுதே, மாட்ட எங்கடா கட்டி வச்சிருக்க?"

"கஞ்சி மாதிரி ஒண்ணுப்பா."

அவர் பையை மேலே இழுத்துப் பார்த்தார், இறக்கினார், மறுபடி இழுத்தார். "கனமே தெரியல தம்பி. மில்லுல இது ஒண்ணு இருந்திருந்தா..." என்றவர் முடிக்கவில்லை.

பையிலிருந்து சாறு பானைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஆவி அவர் முகத்தில் அடித்தது. மேசையில் நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில்களை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தன நாள்ல ஆகும்?"

ஒரு வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ரெண்டு மூணு வாரம்."

அவர் ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"எங்க வைப்ப?"

"அந்த அலமாரில."

"பூட்டு இருக்கா?"

"இல்லப்பா. இன்னைக்கே வாங்கிடறேன்."

"உங்கம்மா பொட்டியவே உடைச்சவன்டா நான்." கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. "வேணாம் தம்பி. வச்சிருக்காத."

பானையில் இருந்த சாற்றைப் பக்கெட்டில் மொண்டு மொண்டு வெளியே சாக்கடையில் ஊற்றினேன். அப்போது அதில் போதை ஒரு துளிகூட இல்லை, வெறும் தித்திப்புத் தண்ணீர். அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அம்மாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

கடைசி பக்கெட்டை ஊற்றிவிட்டு உள்ளே வந்தால், அப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலேயே கொக்கி இருந்தும் அதில் கட்டவில்லை.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்ப்பா."

அதற்குப் பிறகுதான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பை காலிப் பானைக்குள் போய் உட்கார்ந்தது.