பல்தசாரின் பேச்சு புரிந்தவள்

இனாசியாவுக்கும் பல்தசார் ரொசாரியோவுக்கும் பேச்சு அறுந்து முப்பத்தெட்டு வருஷமாகியிருந்தது. இத்தனைக்கும் சிட்டகாங்கின் பிரிங்கி பஜாரில் இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்று சந்துதான். ரங்கூனுக்குக் கப்பலேறும்போது, திரும்பி வந்து உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். வந்தான், கூடவே ஒரு பர்மாக்காரியோடு. இனாசியா அதன்பின் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. மாதா கோயில் துணிகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தே காலம் தள்ளினாள்.

அந்நாளில் சிட்டகாங்கில் பிரிங்கிப் பேச்சு பேச ஆளிருந்தது. அங்கே குடியேறிய போர்த்துக்கீசியர் வழிவந்த பிரிங்கிகளின் நாக்கில், போர்த்துக்கீசும் வங்காளமும் கலந்து விளைந்த பேச்சு. காலராவில் சிலர் போனார்கள், பிழைப்பு தேடிச் சிலர் போனார்கள், மிச்சமிருந்தவர்களின் பிள்ளைகள் வங்காளத்துக்கு மாறிக்கொண்டார்கள். இனாசியாவின் அக்காவும் கண்மூடிய பிறகு அது தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி இவள், இன்னொருவன் அவன். இனாசியா தன் ஆட்டிடம் மட்டும் அதில் பேசுவாள். ஆடு கேட்டுக்கொண்டு தழை தின்னும்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் பல்தசாரின் மகள், தாயை இழந்த லியோனா, நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே, அப்பாவுக்கு வாதம் அடிச்சு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேசுறாரு, ஆனா வங்காளம் சுத்தமா வரல. அந்தப் பழைய பேச்சுதான் வருது. மூணு நாளா எதையோ கேட்டுக் கத்துறாரு. எங்களுக்குப் புரியல."

"உங்கம்மாவோட ரங்கூன் பேச்சைப் பேசிப் பாக்கச் சொல்லு அவனை."

"குத்திக் காட்டுறதை அங்க வந்து காட்டுங்க அத்தே. மழை கொட்டுது."

இனாசியா குடையை எடுத்தாள்.

கட்டிலில் கிடந்தவன் அவளைக் கண்டதும் ஏதோ சொன்னான். அந்த ஒலி காதில் விழுந்ததும் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தே சொல்றாரு?"

"கஞ்சி வாயில வைக்க முடியலையாம். கருவாடு வேணுமாம். மூணு நாளா அதுக்குத்தான் கத்தியிருக்கான்."

லியோனா சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

அன்று முதல் இனாசியா தினமும் மதியத்தில் போனாள். செத்துப்போனவர்களை ஒவ்வொருவராக இழுத்து வைத்துத் திட்டினார்கள் இருவரும். மறந்தே போயிருந்த மீன்களின் பெயர்களும் வசவுகளும் அவள் நாக்குக்குத் திரும்பின. வீடு திரும்பும் வழியெல்லாம் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே நடப்பாள்.

ஒருநாள், லியோனா அருகில் இருக்கும்போதே, அந்தப் பேச்சிலேயே கேட்டுவிட்டாள்.

"ஏன்டா அப்படிப் பண்ணினே?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அங்க நம்ம பேச்சு பேச ஒரு நாதி இல்ல, இனாசியா. உன் பேரை மட்டும் எனக்கு நானே சொல்லிப் பாப்பேன். ரெண்டு வருஷம் தாங்கினேன். அப்புறம் அவ வந்தா, அவ பேச்சைக் கத்துக்குடுத்தா. அவ உன்னைவிட நல்லவளுன்னு இல்ல. பக்கத்துல இருந்தா."

"என்னவாம் அத்தே?"

"தலையணையை மாத்தணுமாம்."

லியோனா மாற்றி வைத்தாள்.

நான்கு நாள் இனாசியா அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் இஸ்திரியை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவன்மேல் வந்த கோபத்தைக்கூட அவனிடம்தான் அந்தப் பேச்சில் சொல்ல முடியும்.

"திட்டணும்னா உக்காந்து திட்டு. கால் வலிக்கப் போவுது," என்றான்.

உட்கார்ந்து திட்டினாள். முப்பத்தெட்டு வருஷத்தையும் கொட்டினாள். அவன் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டான். ஒரு வசவை மட்டும் திருத்தினான்: "உங்கப்பா அதை இப்படிச் சொல்லமாட்டார்."

மழை ஓய்ந்த வாரம் பல்தசார் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து திரும்பும்போது லியோனா கேட்டாள், "கடைசியா என்ன சொன்னாரு அத்தே?"

"இன்னும் கொஞ்சம் பேசுன்னான்."

"பேசினீங்களா?"

"பேசினேன். மூச்சு நின்ன பிறகும் பேசினேன்."

அடுத்த வாரம் சந்தையில் இனாசியா பூசணிக்கீற்றைக் காட்டி விலை கேட்டாள். கடைக்காரன் விழித்தான். "என்ன கேக்குறீங்க சின்னம்மா?" என்றான் வங்காளத்தில். எந்தப் பேச்சில் கேட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அதே பேச்சில், இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டாள்.