ஐந்தாவது பாட்டு மாமரத்துக்கு

என் மனைவிக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பாறசாலைப் பக்கம் இது அதிசயமில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். நான் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் படித்தவன். அவளுக்குப் புற்றுநோய் வந்த வருடம் ஐந்து கவிதைகள் எழுதினேன். நோட்டைச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டு வைத்திருந்தேன். பூட்டு எதற்கு?

“என்ன எழுதுதீய?” என்பாள்.

“கோர்ட்டு காரியம்” என்பேன். நெய்யாற்றின்கரை கோர்ட்டில்தான் எனக்கு வேலை. நம்பிவிடுவாள்.

டாக்டரே கைவிரித்த பிறகும் ஒரு மருந்து பிடித்து, தெய்வாதீனமாக அவள் பிழைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நோட்டை எங்கள் ஊர் இசை டீச்சரிடம் காட்டினேன். நாகர்கோவிலில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர். ஐந்து கவிதைக்கும் ஐந்து ராகம் போட்டு, தம்புரா நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்படி கோத்துவிட்டார். பனச்சமூட்டில் வாசகசாலை ஆண்டு விழாவில் பாடுவதாக ஏற்பாடு. ஒரு மாதம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. “எனக்க பாட்டாக்கும். நீ முன்வரிசையில இரிக்கணும்” என்று அவளிடம் பீற்றல் வேறு.

முந்தின நாள் ஒத்திகையில் ஐந்தாவது பாட்டைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வாசிக்கத் தெரியாதவளுக்குக் காது உண்டே! இப்படியொரு மடத்தனத்தை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்ய முடியாது.

எங்கள் பக்கம் யாராவது இறந்தால் வீட்டைச் சுற்றியுள்ள வளவிலேயே தகனம். அதற்கு வளவில் நிற்கிற மாமரத்தை வெட்டுவது வழக்கம். டாக்டர் கைவிரித்த அன்று நான் நேராகத் தெற்குப்புறம் போய் மாமரத்தைக் கட்டிப்பிடித்துப் பருமன் பார்த்தேன். போதும் என்று தோன்றியது. அந்த மரத்திடம் மன்னிப்புக் கேட்பதுதான் ஐந்தாவது கவிதை. உள்ளே உயிரோடு படுத்திருந்தவளுக்கு வெளியே விறகு பார்த்தவன் நான். இது தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா?

“டீச்சரே, நாலோட நிறுத்தினா போதாதா?”

“நாலாவது எறங்காம நிக்குது சாரே. அத எறக்கி வைக்கதுக்காக்கும் அஞ்சாவது. முடியாது.”

வீட்டில் வேறு வழி பார்த்தேன். “நல்ல வெயிலாக்கும், நீ வராண்டாம்” என்றேன். அவளோ பட்டுச்சேலையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

மறுநாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்தாவது பாட்டுக்கு டீச்சர் போட்டிருந்தது நீலாம்பரி. பிள்ளையைத் தூங்கவைக்கிற ராகத்தில் ‘உன்னை அளந்தேன், பொறுத்துக்கொள்’ என்று அவர் பாடப்பாட, நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் திரும்பத் தைரியம் இல்லை. கைதட்டல் அடங்கியதும் ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“அந்த மாமரத்தையா பாத்தீய?”

“ஆமா” என்றேன்.

“அது நல்லா காய்க்குத மரம்லா. மேக்க நிக்குத அயினிமரத்த வெட்டச் சொல்லணும்ணு நானும் அன்னைக்கு நெனச்சேன். ஒங்க மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்?”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் அழுதேன். அந்த வருடம் முழுக்க நான் ஒருவன்தான் தனியாகப் பயந்தேன் என்று நினைத்திருந்தேன். டீச்சர் மட்டும் நாலோடு நிறுத்தியிருந்தால் சாகும்வரை அப்படியே நினைத்திருப்பேன். அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!