நான் போட்ட சைபர்

வட்டார சுகாதார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்களைத் தட்டுவதுதான் என் வேலை. வீடுவீடாகக் கொசுப்புழு பார்க்கப் போகும் பெண்கள் எழுதிக் கொண்டுவரும் தாள்களை மாலை நான்கு மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாத தெரு திரையில் சிவப்பாக நிற்கும். சிவப்பு நின்றால் மாவட்டத்திலிருந்து போன் வரும். அதனால் தாள் வராத தெருவுக்குப் போன வாரத்து எண்ணையே போட்டுவிடுவது எங்கள் அலுவலகத்தில் ஊறிப்போன பழக்கம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே பிடித்துக்கொண்டேன். எல்லாம் பச்சையானால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சின்னாளபட்டியில் நான் குடியிருக்கும் தெருவுக்கே தாள் வரவில்லை. புழு பார்க்க வரும் பெண் காலில் அடிபட்டுப் படுத்திருந்தாள். எனக்குத் தெரியாத தெருவா என்ற திமிரில், புழு இல்லை என்று போன வாரம் இருந்த சைபரையே போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். அதற்கடுத்த வாரம் யோசிக்கக்கூட இல்லை.

பிறகு என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு வயது. தனியார் ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. நாள் முழுக்க எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள் நான். ஓர் எண்ணைப் பார்த்துப் பயந்தது அப்போதுதான். அவள் பல் துலக்கித் துப்பியதில் ரத்தம் தெரிந்தது.

மறுநாள் வீட்டுக்காரரை அவளருகே உட்காரவைத்துவிட்டு அலுவலகம் போனேன். லீவு கிடைக்கவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்து போகும் நோயாளிப் பட்டியல் மாவட்ட அலுவலகம் வழியாக எங்களுக்கு வர மூன்று நாளாகும். வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனேன். வந்திருந்தது. அதில் என் மகள் ஒரு வரி. அவள் பெயருக்கு நேரே ‘தெருவில் புழு: 0’. அதற்கடுத்து ‘வெளியிடத் தொற்று’. புழு இல்லாத தெருவில் காய்ச்சல் வந்தால், வெளியே வாங்கி வந்தது என்று கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக்கொள்ளும். அந்தத் தெருவுக்கு மருந்தடிக்க ஆள் போகாது.

மழை லீவில் என் மகள் தெருவைத் தாண்டவே இல்லை. பக்கத்து நெசவுக்காரர் வீட்டில்தான் விளையாடினாள். அந்த வீட்டுப் பெண் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அது நினைவுக்கு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. மதிய பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடினேன்.

“தறிய செத்த பாக்கணும்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“அது ஓடி ஒரு மாசமாச்சுக்கா. மழைக்குப் பாவு நூலு நமுத்துப்போகுதுன்னு எங்க வீட்டுக்காரரு மூடிப் போட்டாரு.”

நெசவாளர் காலை இறக்கி மிதிப்பதற்குத் தறிக்கு அடியில் ஒரு குழி உண்டு. தறி ஓடாத நாளில் அதைப் பலகையால் மூடிப் பாய் விரித்துவிடுவார்கள். வெளியாட்களுக்கு அங்கே குழி இருப்பதே தெரியாது. எங்கள் தெருவுக்குப் புழு பார்க்க வரும் அந்தப் பெண் மட்டும் பாயைச் சுருட்டிப் பார்ப்பாள். அவளும் நெசவு வீட்டில் பிறந்தவள். நான் பலகையைத் தூக்கி செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். முழங்கால் அளவுக்கு ஊற்றுத் தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன. என் மகள் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் சொப்பு வைத்து விளையாடியிருக்கிறாள்.

வாசலுக்கு வந்து அதிகாரிக்குப் போன் போட்டேன். “சார், எங்க தெரு சைபர் தப்பு.”

“யாரும்மா பாத்தது?”

“யாரும் பாக்கல சார். நாந்தான் போட்டேன்.”

“இப்பிடி எத்தன தெரும்மா?”

“தெரியல சார்” என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அன்றைக்கு வந்த பயம் மகளுக்காக வந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சாயங்காலமே ஆட்கள் வந்து தெருவில் இருந்த எல்லாத் தறிக்குழியையும் இறைத்து மருந்தடித்தார்கள். இரண்டு நாளில் மகளுக்கு பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. வீட்டுக்கு அழைத்து வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கஞ்சியோடு வந்தாள்.

“நீங்க இருக்கங்காட்டி நம்ம தெரு தப்புச்சுக்கா” என்றாள்.

கஞ்சித் தூக்குவாளியை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. சுட்டது.

“எத்தன நாளா?” என்று கேட்டேன்.

“நேத்துல இருந்துதேன். மழைக்கு வந்த காச்சல்தானக்கா” என்று சொல்லிச் சிரித்தாள்.