தாளிக்காத ஒரு கிழமை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு கிழமை, ஏழு நாளும், எங்கள் வீட்டில் சத்தமே இருக்கவில்லை. செத்த வீட்டில்கூட ஒப்பாரி கேட்கும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அயலவர்களிடம் எங்களைப் பற்றி விசாரிப்பார்கள் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லிவிட, மனிதருக்கு நித்திரை போய்விட்டது.

"கீழ்வீட்டு மனிசி ஒரு சொல்லுப் பிழையாச் சொன்னாக் காணும், எல்லாம் போச்சு" என்றார்.

கீழ்வீட்டில் ஒரு சுவிஸ் அம்மையார் தனியாக இருந்தார். படியில் கண்டால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். அவருக்குப் பயந்து நாங்கள் தடித்த காலுறை போட்டு நடந்தோம். கதிரைகளை இழுக்காமல் தூக்கி வைத்தோம். தம்பி அழுவதற்குக்கூடத் தடை. சனிக்கிழமைகளில் வரும் சொந்தக்காரர்களை அப்பா மறித்துவிட்டார். வாசம் கீழே போகுமென்று அம்மா தாளிப்பதை நிறுத்தினார். பாணும் சீஸும் தின்று அப்பாவுக்கு வயிறு ஊதியதுதான் மிச்சம்.

நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமினேன். ஏதாவது பிழையாய்ப் போனால், நான் பார்த்தேயிராத ஊருக்கு எங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தால் கீழ்வீட்டு அம்மையார்! அம்மாவுக்கு ஜெர்மன் போதாது. மொழிபெயர்க்க நான் நடுவில் நின்றேன். அவர் எங்கள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மளமளவென்று ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ஆருக்கும் வருத்தமோ, காய்ச்சலோ எண்டு கேக்கிறா. ஒரு கிழமையா சத்தமும் இல்லையாம், கறி வாசமும் இல்லையாம். சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறிப் போட்டமோ எண்டு யோசிச்சவவாம்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழத் தொடங்கினார். அந்த அம்மையாரும் கையை விடவில்லை.

இத்தனை நாளும் எங்கள் சத்தத்தையும் வாசத்தையும் இவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். விசாரிக்க வருபவர்களிடம் அப்படியே சொல்லப்போகிறார். அறைக்குள் ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையில் என் உடுப்புகளை அடுக்கினேன்.

அடுக்களையில் கடுகு வெடித்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பயந்து என்ன என்றுதான் அம்மா தாளிக்கிறார் என்று நினைத்தேன்.